மாமியார் பெயரில் வீடு, அடித்துத் துரத்திவிட்டார்கள்: எங்கே மனு போடுவது?

புகுந்த வீடு மன்னார்குடி, இப்போது இருப்பது பாபநாசத்தில் அம்மா வீடு என்கிறீர்கள். பாபநாசம் பக்கமே மனு போடலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்துக்கும் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் அதிகாரம் தருகிறது. மாமியார் சொத்தானாலும், குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் குடியிருப்பு உரிமை கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வீட்டுக்குப் பதிலாக வாடகை வீடு ஏற்பாடு செய்யச் சொல்லியும் உத்தரவு வரலாம்.

முதலில் அரசு மருத்துவமனை. "படியில விழுந்துட்டேன்" என்றால் விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறும், வழக்கு அங்கேயே நொண்டும். யார், எதால் அடித்தார் என்று சொல்லி நகல் வாங்குங்கள். அடுத்து, தஞ்சாவூர் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர். நடந்த வன்முறையைக் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. கட்டணம் கிடையாது. மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) கேளுங்கள். 'சமாதானமாகப் போகிறோம்' என்ற தாளில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊரில் எல்லாப் பழியும் குடிமேல் போகும். குடிக்கிறவர் எல்லோரும் அடிப்பதில்லையே! சாகுபடிச் செலவுக்கு அடகு போன மனைவியின் நகை, அவள் பெயரில் ஒரு குழி நிலம்கூட இல்லாதது, "அனுசரிச்சுப் போ" என்று திருப்பி அனுப்பும் சொந்தங்கள் — அடிக்கிற கைக்குத் துணிச்சல் இங்கிருந்துதான். அந்த நகையும் சீதனம்தான், திருப்பித் தர உத்தரவிட முடியும். அடகுச் சீட்டைப் படமெடுத்து வையுங்கள்.

முதல் விசாரணை 3 நாளில், அதிலிருந்து 60 நாளில் முடிவு என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும், அதனால் இடைக்கால உத்தரவுக்கும் சேர்த்தே மனு போடுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். இரவில் ஆபத்தென்றால் பெண்கள் உதவி எண் 181.