வாகையும் இரண்டாம் பரிசும்

மதிப்பிற்குரிய ஐயா,

‘வெற்றி வாகை சூடினார்’ என்று எழுதுகிறோம். வாகை என்றாலே வெற்றிதானே, இது கூறியது கூறல் ஆகாதா? இந்தத் தொடர் எப்படி வந்தது? பேச்சுப் போட்டியில் என் மகள் வாகை சூடவில்லை. இரண்டாம் பரிசோடு நின்றுவிட்டாள். அவளுடைய அடுத்த உரைக்காகக் கேட்கிறேன்.

ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

வெற்றிக்கு அடையாளமான வாகைப் பூ என்று விரித்துக்கொண்டால் அந்தத் தொடரில் குற்றமில்லை. போரில் பகைவரை வென்றவர்கள் அந்தப் பூவைச் சூடி ஆர்ப்பரித்தார்கள், அதிலிருந்து வந்தது. இவ்வளவு எந்த அகராதியிலும் கிடைக்கும்.

ஆனால் ‘வாகை சூடவில்லை’ என்று பெற்ற மகளைப் பற்றி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? போர், புகழ் போன்ற புறவாழ்க்கையைப் பாடும் முறையைச் சொல்லும் தொல்காப்பியப் புறத்திணையியலைத் திறந்து பாருங்கள். ‘தாவில் கொள்கைத் தத்தம் கூற்றைப் பாகுபட மிகுதிப் படுத்தல்’ என்றுதான் வாகைத் திணைக்கு, அதாவது வாகை என்ற பாடற்பிரிவுக்கு, இலக்கணம் சொல்லப்பட்டிருக்கிறது. குற்றமற்ற கொள்கையோடு அவரவர் தமக்குரிய திறத்தை மேம்படுத்திக் காட்டுவதே வாகை என்பது அதன் பொருள். அதனால்தான் அரசரோடு நிறுத்தாமல் அறிவரையும் துறவியரையும் அதே திணையில் வைத்தார்கள். பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலையில் அரச வாகை இருக்கும் அதே படலத்தில் வாணிக வாகையும் வேளாண் வாகையும் இருக்கின்றன. உழுகிறவர் யாரைத் தோற்கடித்து வாகை சூடினார்? இதைச் சில நாட்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

என் தந்தை திருப்பாதிரிப்புலியூரில் வண்டிச் சக்கரம் செய்த தச்சர். ஒருமுறை ஆரக்கால் ஒன்று ஆடுகிறதென்று சக்கரம் திரும்பி வந்தபோது, அதை மட்டும் இறுக்கிக் கொடுத்திருக்கலாம். அவர் முழுச் சக்கரத்தையும் பிரித்து, கூலி வாங்காமல் மறுபடி கோத்துக் கொடுத்தார். ஊரில் முதல் தச்சர் யார் என்று அவர் கேட்டதே இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயலில் எங்கள் தெருமுனை வாகை மரம் சாய்ந்தது. மறுநாள், வேலையை விட்டு வெகுநாளான அந்த மனிதர் அதன் அடிமரத்தைச் சாண் போட்டு அளந்து, “செக்குக்கு ஆகும், விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய இலக்கணப்படி வாகை அவருக்கு உரியது.

சித்திரையில் மகளை அழைத்துப் போய் அந்தப் பூவைக் காட்டுங்கள். இளஞ்சிவப்பாகப் பூக்கும் தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டிவிடாதீர்கள். வாகைப் பூ பசுமை கலந்த வெண்மை, பட்டு நூல் போன்ற இழைகள், நல்ல மணம்.

அவள் மேடையில் என்ன பேசினாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை எனக்கு எழுதுங்கள்.