துக்க வருஷத்தில் ஊசி எடுக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. ஆகஸ்டில் அம்மா தவறிவிட்டார். எங்கள் வீட்டில் டிசம்பர் பிறந்தால் அம்மாவின் தையல் மிஷின் ஓயாது. எனக்கும் தங்கைக்கும், பிறகு எங்கள் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ் கவுன் எல்லாம் அம்மா தைத்ததுதான். இந்த வருஷம் ஸ்டார் கட்டவில்லை, குடில் இல்லை, பலகாரமும் இல்லை. போன வாரம் அம்மாவின் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பாதி பின்னிய மேஜை விரிப்பு ஒன்று, குரோஷா ஊசி அதிலேயே மாட்டியபடி இருக்கிறது. பிள்ளைகள் தூங்கியதும் எடுத்து இரண்டு வரி பின்னுவேன். அம்மா கை போல வராது. பிரித்துவிடுவேன். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம்தான் நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "துக்க வருஷத்துல பூப்பின்னல் என்ன வேண்டிக்கெடக்கு, ஊரு என்ன பேசும்" என்கிறார். அப்பா யாரிடமும் பேசுவதில்லை. கடலுக்குப் போகாத நாளில் நண்டு வலையை மடியில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது வயது மகள், "இந்த வருஷம் கவுன் யாரு தைப்பா?" என்று கேட்கிறாள். நான் செய்வது தப்பா? இந்த டிசம்பரை எப்படித் தாண்டுவது?
– பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

தப்பே இல்லை. பின்னுங்கள். ஆனால் அம்மாவின் அந்த விரிப்பை மட்டும் இப்போது தொடாதீர்கள்.

ஏன் என்றால், நீங்கள் செய்துகொண்டிருப்பது பின்னல் இல்லை. ராத்திரிக்கு ராத்திரி அம்மாவிடம் பரீட்சை எழுதி, நீங்களே திருத்தி, நீங்களே முட்டை மார்க் போட்டுக்கொள்கிறீர்கள். குரோஷாவில் ஆளுக்கு ஆள் கைப்பிடி வேறு. இடது கை விரலில் நூலை எத்தனை சுற்று சுற்றுகிறோம், எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம், வளையத்தை ஊசியின் எந்த இடம் வரை இழுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பின்னல் மாறும். ஒரே நூலையும் ஒரே ஊசியையும் இரண்டு பேரிடம் கொடுத்து ஒரே பூவைப் பின்னச் சொன்னால், ஒருத்தி பூ மற்றவள் பூவைவிட ஒரு விரல் அகலம் பெரிதாக வரும். யாரும் தப்பாகப் பின்னவில்லை, கை வேறு, அவ்வளவுதான். அம்மாவின் கைப்பிடி உங்களுக்கு இந்த மாதம் வராது. வர வேண்டிய தேவையும் இல்லை.

அதனால் நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் அந்த டப்பாவைத் திறந்து ஒரு வேலை செய்யுங்கள். ஊசி மாட்டியிருக்கும் கடைசி வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக இழுத்து, அதில் ஒரு ஊக்கைக் குத்தி மூடுங்கள். துருப்பிடிக்காத ஊக்காகப் பார்த்து எடுங்கள். பிறகு ஊசியை உருவிவிடுங்கள். அம்மா மாட்டிய ஊசியை எடுக்க மனசு வராது, தெரியும். ஆனால் நீங்கள் இருப்பது இரண்டு பக்கமும் கடல். அந்த உப்புக் காற்றில் இரும்பு ஊசி துருவை வெள்ளை நூலில் இறக்கிவிட்டால், அந்தக் கறை லேசில் போகாது. விரிப்பைத் துவைக்க நினைத்தால் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தால் மழைக்கால ஈரம் உள்ளேயே நின்று புள்ளி விழும். பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ முடிக்கத் தோன்றினால் முடிக்கலாம். அப்போது அம்மா விட்ட இடத்தில் உங்கள் கை தொடங்கியது கண்ணுக்குத் தெரியும். தெரியட்டுமே.

பிரிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்காக மனம் சுளிக்க வேண்டாம். குரோஷாவில் முடிச்சே கிடையாது, வளையத்துக்குள் வளையம்தான். கடைசி வளையத்தை இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். நல்ல பருத்தி நூல் இரண்டு மூன்று தடவை பிரித்தாலும் தாங்கும். அதற்கு மேல்தான் பளபளப்புப் போய்ப் பிசிறு தட்டும்.

சரி, கைக்கு என்ன வேலை கொடுப்பது? உங்கள் நிலையில் பூவும் மயிலும் வேண்டாம். எண்ண வேண்டிய டிசைன் எதுவுமே வேண்டாம். நடுவில் ஒரு நினைப்பு வந்தால் கணக்கு விட்டுப்போகும், பிறகு அதற்கும் சேர்த்து அழுகை வரும். நான் சொல்வது சாதாரண ஓட்டுத் தையல். ஊசி உள்ளே போய் வெளியே வருகிற, பள்ளிக்கூடத்தில் முதலில் கற்றுக்கொடுத்த அதே தையல்.

அம்மாவின் பருத்திச் சேலை ஒன்றை எடுங்கள். பரமக்குடிச் சேலை இருந்தால் ரொம்ப நல்லது, துவைக்கத் துவைக்க மெதுவாகும். ஐந்தரை மீட்டர் சேலையை நாலாக மடித்தால் ஏறக்குறைய ஒன்றே கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், சேலை அகலம் அப்படியே. உங்கள் மகள் போர்த்திக்கொள்ளப் போதும். கத்தரிக்கோல் வைக்கவே தேவையில்லை, அது முக்கியம். அம்மாவின் சேலையை வெட்டும் தைரியம் இப்போது யாருக்கும் இருக்காது. ஓரங்களைச் சேர்த்து, முதலில் சாண் இடைவெளியில் நீள நீளத் தையலாகப் போட்டு நாலு அடுக்கையும் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடைசியில் உருவிவிடலாம். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, விரல் அகலத்துக்கு ஒரு வரி. நூலை இழுத்து இறுக்காதீர்கள், துணி சுருங்கும். கோணல் வந்தால் வரட்டும். நாலு அடுக்குத் துணியில் கோணல் தையல் அலை மாதிரி அழகாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அம்மா கடைசியாகக் கட்டிய, இன்னும் அவர் வாசம் இருக்கிற சேலை என்று ஏதாவது இருந்தால் அதைத் துவைக்காமல், தைக்காமல் தனியே வைத்துவிடுங்கள். அது போர்வைக்கு இல்லை.

அடுத்தது உங்கள் மாமியார். அவரை விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு மனமில்லை. ஊர்க் கண்ணுக்குப் பயப்படுகிறவர் பெரும்பாலும் மருமகளை ஊர் வாயிலிருந்து காப்பாற்றத்தான் பார்க்கிறார். வழக்கம் என்று அவர் கேட்பதில் ஸ்டார் இல்லை, பலகாரம் இல்லை என்பதை நீங்களே மதித்து நடந்திருக்கிறீர்கள். ஊசி எடுக்கக் கூடாது என்று கோயிலும் சொல்லவில்லை. நிறம்தான் அவருக்கு உறுத்துகிறது என்றால் வெள்ளை நூலில் தையுங்கள், பேச்சே நின்றுவிடும். வாதாடாதீர்கள். அதைவிட, சேலையை நாலாக மடிக்க இரண்டு பேர் வேண்டும். "மாமி, இந்த முனையைக் கொஞ்சம் புடிங்க" என்று கூப்பிடுங்கள். சம்பந்தியின் சேலையைக் கையில் பிடித்த பிறகு அவர் என்ன பேசுகிறார் என்று பாருங்கள்.

இன்னொன்றும் அவரிடம் கேட்கலாம். அவர் தீவுப் பக்கத்துக்காரராக இருந்து, வயது அறுபத்தெட்டு எழுபது இருக்குமானால், 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல் நினைவிருக்கும். தனுஷ்கோடி அழிந்துபோன புயல். பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள்கூட முழுதாக இல்லை. அந்த வருஷம் பண்டிகையை எப்படிக் கழித்தீர்கள், வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். டிசம்பரில் சிரிக்க முடியாமல் போன முதல் ஆள் நீங்கள் இல்லை என்பதை நான் எழுதினால் அது வெறும் ஆறுதல் வார்த்தை. அவர் வாயால் வந்தால் அதன் எடை வேறு.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் மனசில் நின்றது அந்தத் திண்ணைதான். வாடைக் காலத்தில் உங்கள் வடகடல் கொந்தளிக்கும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் வத்தைகள், அதாவது நாட்டுப் படகுகள், கரையிலேயே கிடக்கும். கடலும் இல்லாமல், மனைவியும் இல்லாமல், அவருக்கு மிச்சம் இருக்கிற ஒரே இடம் அந்த வலை. நண்டு வலை கிழிவதுபோல வேறு வலை கிழியாது. நண்டைக் கழற்றக் கழற்ற நாலு கண் போகும். வேலைக்குப் பஞ்சமில்லை. நீங்கள் ராத்திரி அறைக்குள் பின்னுவதையும் அவர் பகலில் திண்ணையில் வலை பொத்துவதையும் இரண்டு வேலை என்று நினைக்காதீர்கள். வலைக் கண்ணில் அவர் போடும் முடிச்சும், தறிக்காரர்கள் அறுந்த இழையைச் சேர்க்கப் போடும் முடிச்சும் அமைப்பில் ஒன்றே. உங்கள் போர்வையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "எப்படி இருக்கீங்கப்பா" என்று கேட்காதீர்கள். அதற்கு "இருக்கேன்" என்பதைத் தவிர பதில் கிடையாது. "ஒரு கண்ணு போட்டுக் காட்டுங்கப்பா" என்று கேளுங்கள். கையும் கண்ணும் நூலில் இருக்கும்போது சில ஆண்களுக்கு வாய் தானாகத் திறக்கும், எதிரில் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. திறக்காமலும் போகலாம். அன்றைக்கு அரை முழம் வலை பொத்தியாயிற்று என்று எழுந்து வந்துவிடுங்கள்.

இதெல்லாம் உண்மையில் உதவுமா என்று கேட்பீர்கள். 2013-ல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை இதழ் ஒன்றில் ஒரு ஆய்வு வந்தது. பல நாடுகளைச் சேர்ந்த 3,500-க்கும் மேற்பட்ட கம்பளிப் பின்னல்காரர்களிடம் கேட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். அதை நான் அப்படியே தூக்கிப் பிடிக்கமாட்டேன். பின்னல் பிடித்தவர்களிடமே பின்னல் பிடிக்கிறதா என்று கேட்டால் வேறென்ன வரும்? துக்கத்தைத் தைத்து மூட முடியாது. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் "அம்மா எப்படிப் போனாங்க" என்று முதலிலிருந்து கேட்கும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்போமே, அப்போது மடியில் ஒரு துணி இருப்பது பெரிய விஷயம். தலையை நிமிர்த்தாமல் பதில் சொல்லலாம். பதில் சொல்லாமலும் இருக்கலாம்.

பண்டிகை நாளுக்கும் கொஞ்சம் யோசித்து வையுங்கள். கேரல் பாட வருகிறவர்களிடம் முன்கூட்டியே, உங்கள் அன்பியத்துப் (பங்கின் சிறு ஜெபக் குழு) பொறுப்பாளர் மூலம், இந்த வருஷம் பாட்டு வேண்டாம், வந்து ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிடலாம். 24-ஆம் தேதி ராத்திரிப் பூசையைப் பற்றி எல்லாரும் பயப்படுவார்கள். ஆனால் அங்கே ஊரே கூட இருக்கும். கஷ்டம் 25-ஆம் தேதி மத்தியானம்தான். சாப்பிட்டு முடித்து, வந்தவர்கள் போய், வீடு சும்மா கிடக்கிற அந்த நேரம். அதற்கென்று போர்வையில் ஓரத் தையலைத் தைக்காமல் மிச்சம் வைத்திருங்கள். தங்கையையும் வரச் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு ஓரம்.

தையலால் ஆகாத நிலையும் உண்டு. சாப்பாடு இறங்காமல், வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், காலையில் எழவே கூடாது என்ற நினைப்பு உங்களுக்கோ அப்பாவுக்கோ வந்தால் நூலை வைத்துவிட்டு 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். குறிப்பாக அப்பாவைக் கவனியுங்கள். வயதான ஆண்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

கடைசியாக உங்கள் மகளின் கவுன். பெரியவர்களுக்குப் புதுத்துணி இல்லை என்றாலும் பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கிற வீடுகள் உண்டு. உங்கள் வீட்டு வழக்கத்தை அப்பாவிடமும் மாமியாரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். எடுப்பதானால் ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ ரெடிமேட் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். அம்மா இடத்தில் நின்று நீங்கள் கவுன் தைத்தே ஆக வேண்டும் என்று இந்த வருஷம் யாரும் கேட்கவில்லை. மகளிடம், "பாட்டி இல்லாததுனால இந்த வருஷம் கடையில வாங்குறோம்" என்று நேராகவே சொல்லுங்கள். பிறகு அவள் கையில் ஒரு ஊசியைக் கொடுத்து, போர்வையில் நடு வரியைத் தைக்கச் சொல்லுங்கள். ஒன்பது வயது அதற்குச் சரியான வயது.

அப்புறம், ஆகஸ்டிலிருந்து ஓடாமல் கிடக்கும் அந்த மிஷினை ஒரு நாள் திறந்து, தூசியைத் தட்டி, பாபின் கேஸைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் சும்மா ஒரு பத்து நிமிஷம் மிதித்து வையுங்கள். இல்லையென்றால் அந்தக் காற்றில் இறுகிவிடும். கடையில் விற்கிற மிஷின் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள், பிசுக்குப் பிடித்து நின்றுவிடும்.