காப்பிச் சக்கையில் எண்ணெயா?

கேள்வி: ஃபில்டரில் மிஞ்சும் காப்பிச் சக்கையை ரோஜாச் செடிக்குத்தான் போடுகிறேன். அதிலிருந்து எண்ணெய் எடுக்கலாமாமே, நிஜமா?
- வாசகி, சேலம்

பதில்: நிஜம்தான் அம்மா. எண்ணெய் தண்ணீரில் கரையாது இல்லையா, அதனால் டிகாக்‌ஷன் இறங்கிய பிறகும் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடுகிறது; காய்ந்த சக்கையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை இருக்கும், கூடவே கொஞ்சம் காஃபீனும், காப்பிக்கொட்டையில் இயல்பாகவே உள்ள குளோரோஜெனிக் அமிலமும். சிக்கரி கலந்த தூள் என்றால் எண்ணெய் குறையும். ஹெக்சேன் போன்ற கரைப்பானை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், அது சட்டென்று தீப்பிடிக்கும், வீட்டில் தயவுசெய்து முயல வேண்டாம்.

உண்மையான தலைவலி ஈரம். ஃபில்டரைத் தட்டினால் வட்டமாக விழும் அந்தச் சக்கையை நாலு நாள் மூடி வைத்துப் பாருங்கள், வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிடும். கடை கடையாகச் சேகரித்து உடனே உலர்த்த ஆகும் செலவில்தான் பல முயற்சிகள் நின்றுபோகின்றன.

எண்ணெய் எடுக்கும் அரிசித் தவிட்டுக்கும் இதே அவசரம்தான்: நெல் தீட்டிய சில மணி நேரத்திலேயே அதிலுள்ள நொதி எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கும், ஆனால் ஆலையில் ஒரே இடத்தில் மலையாகக் குவிவதால் சூடுபடுத்திக் காப்பாற்ற முடிகிறது, தவிட்டு எண்ணெய் கடைக்கும் வந்துவிட்டது.

அப்புறம், ரோஜாவுக்கு நேரடியாகக் கொட்டாமல் மட்கவைத்துப் போடுங்கள்.