பால்பல் வேர் சிகிச்சை: கை ஃபைலா, சுழல் ஃபைலா?

வணக்கம். கோத்தகிரியில் ஐந்து வயது மகளின் கீழ்க் கடைவாய்ப் பால்பல்லின் வேர் சிகிச்சைக்குக் கை ஃபைலா, மோட்டாரில் சுழலும் ஃபைலா, எது நல்லது என்று கேட்டிருந்தீர்கள். ஃபைல் என்பது வேரின் உட்குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற மெல்லிய கருவி. பல் நிலைப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சுழல் முறையில் நேரம் குறைகிறது. என் மகன் வாய் திறந்தபடி என் சுண்டுவிரலை இறுகப் பற்றியிருந்ததை நினைத்தால், அந்தச் சில நிமிடங்களே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

ஆயினும், பால்பல்லின் வேர்கள் அடியில் வளரும் நிலைப்பல்லை அணைத்தவாறு வளைந்தும் சுவர் மெலிந்தும் இருப்பதால், பெரியவர்களுக்கான 21 அல்லது 25 மி.மீ. ஃபைலைவிட, சென்னையில் உருவான கெடோ-எஸ் போன்ற 16 மி.மீ. குழந்தை ஃபைல் உள்ளதா என்று அவசியம் கேளுங்கள். அது இல்லையெனில், அதற்காக மட்டும் குழந்தையைக் கோவைக்கு மலையிறக்க வேண்டாம்; குழந்தைகளிடம் பழகிய மருத்துவரின் கை ஃபைலே போதும். முடிந்ததும் உலோக உறை போடச் சொல்லுங்கள்.