ஓய்வுக்குப் பிறகு கடற்கரைச் சாலையில் ராமேசுவரம் வரை: பின் சீட்டைக் காலியாக விடுங்கள்

அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி சென்னையிலிருந்து ராமேசுவரம் வரை கடலோரமாகவே சொந்தக் காரில் போகலாமா, வழியில் சொந்தக்காரர் வீட்டிலும் தங்க வேண்டும், எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். நானும் என் மனைவியும் திருவான்மியூரிலிருந்து கிளம்பி இதே வழியில் போய் வந்தவர்கள். என் முக்கியமான யோசனை இதுதான்: சொந்தக்காரர் வீட்டைப் பயணத்தின் கடைசியில் வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். பெட்டிகளை டிக்கியோடு நிறுத்திவிட்டு, பின் சீட்டைக் காலியாக விடுங்கள். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

கிளம்பும் முன் லைசென்ஸை எடுத்துத் தேதி பாருங்கள். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் 5 ஆண்டுதான் செல்லும், பலருக்கு இது நினைவிருக்காது. காலை ஆறு, ஆறரைக்கு வண்டியை எடுத்து மதியச் சாப்பாட்டுக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள். புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர், அங்கிருந்து நாகப்பட்டினமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பிள்ளைகள் இதை ஒரே மூச்சில் ஓட்டுவார்கள். நமக்கு என்ன அவசரம்? புதுச்சேரியில் ஒரு இரவு தங்கிக்கொள்ளலாம். இருட்டிய பிறகு மட்டும் வேண்டவே வேண்டாம். நாகை தாண்டினால் பல இடங்களில் இருவழிச் சாலைதான், ஆடு மாடும் விளக்கில்லாத டிராக்டரும் குறுக்கே வரும், எதிர் வண்டியின் வெளிச்சம் நம் வயதுக் கண்ணுக்கு ரொம்பவே கூசும். டீசலோ பெட்ரோலோ, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நிரப்பிக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டைவிட விலை குறைவு.

இன்னொன்றைக் கூச்சப்படாமல் பேச வேண்டும். வழியில் கழிப்பறை கிடைக்காதோ என்று பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆபத்து. மயக்கம், சிறுநீர்த் தொற்று என்று பயணமே கெட்டுப்போகும். மனைவி கேட்பதற்காகக் காத்திருக்காமல், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல பெட்ரோல் பங்க் அல்லது பெரிய ஓட்டல் பார்த்து நீங்களே வண்டியை நிறுத்துங்கள். கால் வீக்கத்துக்கும் அது நல்லது. இன்சுலின் போடுகிறவர்கள் ஐஸ் பையில் வைத்து எடுத்துப் போங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

கோவளம், மாமல்லபுரம் எல்லாம் சென்னைக்காரர்களுக்குப் பழகிய இடம், நிற்காமல் போய்விடலாம். மரக்காணத்தில் நில்லுங்கள். சாலையை ஒட்டியே உப்பளங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் நீள மரக்கட்டை பூட்டிய கழியால் பாத்தியில் படிந்த உப்பை வரப்போரம் இழுத்துச் சேர்ப்பார்கள். சேற்றுச் சாம்பலாகக் கிடந்த பாத்தியில் அந்த ஒரு இழுப்புக்குப் பின்னால் வெள்ளைக் கோடு விழும். சிதம்பரம், சீர்காழி தாண்டினால் திருக்கடையூர். மணிவிழாவும் சதாபிஷேகமும் செய்துகொள்ள வந்த ஜோடிகள் அங்கே என்றைக்கும் மாலையும் கழுத்துமாக நிற்பார்கள். கொஞ்சம் தள்ளித் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும் கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலும் பக்கம் பக்கமாக இருப்பதால் முட்டிவலிக்காரர்கள்கூட மெதுவாக நடந்து பார்த்துவிடலாம்.

இப்போது பின் சீட்டுக்கு வருகிறேன். என் மனைவியின் அக்கா நாகப்பட்டினத்தில் இருக்கிறார். முட்டி தேய்ந்து போனதால் அவரால் பஸ், ரயில் ஏற முடியாது. அக்காவும் தங்கையும் பல வருடங்களாகக் கல்யாண மண்டபங்களில்தான் பார்த்துக்கொண்டார்கள், அதுவும் பந்திக்கும் மொய்க்கும் இடையில் கொஞ்ச நேரம். இந்த முறை அடுப்படியில் உட்கார்ந்து, ஒருவர் கொடுவா மீன் அலச இன்னொருவர் புளி கரைக்க, அவர்கள் அம்மா வைக்கும் குழம்பில் மாங்காய் போடுவாளா மாட்டாளா என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். மாங்காய் நிச்சயமாக உண்டு என்றார் அக்கா. "உனக்கு அப்ப மூணு வயசுடி, உனக்கென்ன தெரியும்?"

மறுநாள் என் சகலையிடம், "கிளம்புங்க, நாலு பேருமா கோடியக்கரை போயிட்டு வருவோம்" என்றேன். ஆயுள் முழுக்க நாகையில் இருந்தவர், அந்தக் காட்டுக்குள் போனதில்லை. அக்காவைப் பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்தோம். வேதாரண்யத்துக்கு அருகே அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு கிளம்பி, நடந்தே வந்து ஏப்ரல் 30இல் உப்பெடுத்த இடம். அங்கே சகலை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சரணாலயத்தில் வெளிமான் கூட்டம் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தது. கருத்த முதுகும் முறுக்கிய கொம்புமாக ஒரு கிடா தலையைத் தூக்கி எங்களையே பார்க்க, அக்கா கண்ணாடியோரம் ஒட்டிக்கொண்டு பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ரயிலில் போயிருந்தால் இது நடந்திருக்காது. சொந்தக்காரர் வீட்டைக் கடைசி நாளுக்கு ஒதுக்கினால் அசந்து போய்ச் சேருவோம், சாப்பிடுவோம், தூங்குவோம், ஊருக்குத் திரும்பும் நினைப்பு வந்துவிடும். நடுவில் வைத்தால் உடம்பில் தெம்பும் இருக்கும், கையில் நாளும் இருக்கும். அவர்களும் வயதானவர்கள் என்பதை மறக்காதீர்கள். உப்பு, சர்க்கரை விவரத்தை முன்பே போனில் சொல்லிவிடுங்கள். சென்னையிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டு அதை வாங்கிப் போங்கள், ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம். இரண்டு இரவுக்கு மேல் தங்கினால் அவர்களுக்கு வேலை கூடிவிடும்.

நாகைக்குத் தெற்கே வழி அமைதியானது. மல்லிப்பட்டினம் பக்கம் சரபோஜி மன்னர் கடலோரத்தில் எழுப்பிய மனோரா, 8 அடுக்குக் கோபுரம், கட்டாயம் பாருங்கள். தொண்டி, தேவிபட்டினம் வழியாகப் பாம்பன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் இருக்கிறது. கப்பல் போக அதன் நடுப்பகுதி நேராக மேலே எழும்பும். தனுஷ்கோடிக்கு இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருப்பதால் மணலில் நடக்கத் தேவையில்லை. 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரைக் காரிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே பார்க்கலாம். காலையில் போங்கள், மதிய வெயில் தாங்காது.

எப்போது போவது? பொங்கல் கூட்டம் ஓய்ந்ததிலிருந்து மாசி முடியும்வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல், மழை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பெரிய மீன் கிடைப்பது குறைவு, வெயிலும் கொளுத்தும். திரும்பும்போது மதுரை, திருச்சி வழியாக நாற்கரச் சாலையில் வந்துவிடுங்கள், திருச்சியில் ஒரு இரவு தங்கி.