சாகோஸ் தீவுகள் யாருடையவை? கேள்விகளும் பதில்களும்

சாகோஸ் தீவுக்கூட்டம் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவுகளின் உரிமை வழக்கை பிரிட்டனுக்கும் மொரிசியஸுக்கும் நடுவே உள்ள எல்லைத் தகராறாகத்தான் செய்திகள் காட்டுகின்றன. அங்கே பிறந்து வளர்ந்து, அமெரிக்க ராணுவத் தளத்துக்காக அங்கிருந்து துரத்தப்பட்ட ஒரு ஜனம் இருக்கிறது. என் பதில்கள் அவர்களைச் சுற்றியேதான் இருக்கும்.

கேள்வி: சார், சாகோஸும் டியாகோ கார்சியாவும் ஒன்றுதானா? வரைபடத்தில் தேடினால் வெறும் நீலமாகத்தான் தெரிகிறது.

பதில்: இன்னும் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும். கன்னியாகுமரியிலிருந்து தெற்கே, கொஞ்சம் மேற்காகச் சாய்ந்து, ஏறத்தாழ 1,800 கி.மீ. போனால் டியாகோ கார்சியா. சாகோஸ் என்பது முழுக் கூட்டத்தின் பெயர். அறுபதுக்கும் மேற்பட்ட தீவுகள் இருந்தும் எல்லா நிலத்தையும் கூட்டினால் 60 ச.கி.மீ. அளவுதான் வரும். அதில் ஏறக்குறைய பாதி டியாகோ கார்சியா. மீதி பெரோஸ் பன்யோஸ், சாலமன், எக்மன்ட் என்று சிதறிக் கிடக்கிறது. நடுவில் இருக்கும் பெரிய சாகோஸ் திட்டு, பரப்பளவில் உலகின் மிகப் பெரிய பவளத்திட்டு. 12,000 ச.கி.மீ.க்கும் மேல். ஆனால் அதில் தண்ணீருக்கு மேலே தலைகாட்டுவது சில குட்டித் தீவுகள் மட்டுமே.

மாலத்தீவின் தென்கோடியிலிருந்து சுமார் 500 கி.மீ.யிலேயே வடக்குச் சாகோஸ் வந்துவிடும். உரிமை கோரும் மொரிசியஸ் 2,000 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. இந்தத் தூரம் பின்னால் வரும் கேள்விகளுக்கும் உதவும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் உயரம்தானாமே! ஆறு இல்லை, மலை இல்லை. குடிதண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

பதில்: மழைதான். வருஷத்துக்கு 2,500 மி.மீ.க்கு மேல் கொட்டும். பெய்த நீர் பவள மணலுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே நன்னீராகத் தங்கும். ஆழமில்லாத கிணறு தோண்டினாலே போதும். தென்னை, மீன், கோழி, கொஞ்சம் காய்கறி எல்லாம் அங்கேயே கிடைத்தன. அரிசியும் மாவும் கப்பலில் வந்தன.

கேள்வி: அங்கே பூர்வகுடிகளே கிடையாது, எல்லாரும் தோட்ட வேலைக்கு வந்து போனவர்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது உண்மையா?

பதில்: இந்தப் பொய்யின் மேல்தான் எல்லாமே கட்டப்பட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில், மொரிசியஸ் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, டியாகோ கார்சியாவில் தென்னந்தோட்டம் போட்டார்கள். வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். 1814இல் பாரிஸ் ஒப்பந்தப்படி மொரிசியஸ் பிரிட்டனுக்குப் போனது, சாகோஸும் கூடவே போனது. 1835இல் அடிமைமுறை ஒழிந்தது. அதன்பின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள், தென்னிந்தியர்களும் அதில் உண்டு. இவர்கள் எல்லாரும் கலந்துதான் சாகோசியர்கள் உருவானார்கள். அவர்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல், கும்பிடுவது கத்தோலிக்கத் தேவாலயத்தில். கொப்பரையும் தேங்காயெண்ணெயும்தான் பிழைப்பு. மொரிசியஸ்காரர்கள் இவற்றை எண்ணெய்த் தீவுகள் என்றே அழைத்தார்கள். ஆளுக்கு இத்தனை காய் என்று கணக்கு. கணக்கை முடித்தவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

தோட்டம் கம்பெனியுடையது, கூலி சொற்பம். சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1960களில் அங்கே இருந்தவர்களில் பலருக்கு அப்பா, தாத்தா, பாட்டி எல்லாரும் அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டிருந்தார்கள். ஐந்து தலைமுறை வாழ்ந்தவர்களை வந்து போனவர்கள் என்று எப்படிச் சொல்வது?

பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் அது தெரியும். நிரந்தரக் குடிகள் இருப்பதாக ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், அவர்களுக்கு உரிமைகள் தர வேண்டும். அதனால் ஒப்பந்தத் தொழிலாளர் என்று காகிதத்தில் மாற்றி எழுதினார்கள். 1966இல் டெனிஸ் கிரீன்ஹில் என்ற உயரதிகாரி எழுதிய குறிப்பில் இந்த மக்களைச் சில ‘டார்ஜான்கள்’, ‘மேன் ஃபிரைடேக்கள்’ (ராபின்சன் குரூசோ கதையில் வரும் வேலைக்காரனின் பெயர்) என்று குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் காகிதம் பின்னாளில் வழக்கில் வெளியே வந்தது.

கேள்வி: மொரிசியஸ் சுதந்திரம் வாங்கும்போது ஏன் இந்தத் தீவுகளை விட்டுக்கொடுத்தது? அப்போதே எதிர்த்திருக்கலாமே?

பதில்: விட்டுக்கொடுத்தது என்பதா, பிடுங்கப்பட்டது என்பதா? இதுதான் வழக்கின் மையமே. 1965 செப்டம்பரில் லண்டனில் சுதந்திரப் பேச்சுவார்த்தை நடந்தது. பிரதமர் ஹரால்டு வில்சன், மொரிசியஸ் தலைவர் சீவுசாகர் ராம்கூலமைத் தனியே சந்தித்தார். சாகோஸைப் பிரித்துத் தர ஒப்புக்கொண்டால் சுதந்திரம் என்பதே அந்தச் சந்திப்பின் தொனி. ஈடாக 30 லட்சம் பவுண்டு. 1965 நவம்பர் 8 அன்று பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்ற புதுக் காலனி பிறந்தது. உலகம் முழுக்கக் காலனிகள் விடுதலையாகிக்கொண்டிருந்த காலத்தில் இது! அடுத்த மாதமே ஐ.நா. பொதுச்சபை, மொரிசியஸைத் துண்டாடாதே என்று தீர்மானம் போட்டது. யாரும் காதில் வாங்கவில்லை. 1966 டிசம்பரில் அமெரிக்காவுடன் ராணுவத் தளம் அமைக்கும் உடன்பாடு கையெழுத்தானது. அதற்குக் கைமாறாக, அமெரிக்காவிடம் போலாரிஸ் ஏவுகணை வாங்கிய கணக்கில் 1.4 கோடி டாலர் பிரிட்டனுக்குத் தள்ளுபடி ஆனது. மொரிசியஸ் சுதந்திரமடைந்தது 1968 மார்ச் 12இல்தான்.

கேள்வி: அண்ணா, மக்களை எப்படி வெளியேற்றினார்கள்? ராணுவம் வந்ததா?

பதில்: துப்பாக்கி தேவைப்படவில்லை தம்பி. கப்பல்கள் அவர்கள் கையில் இருந்தன.

முதல் வழி, மொரிசியஸுக்குப் போனவர்களைத் திரும்ப விடாதது. பெரோஸ் பன்யோஸைச் சேர்ந்த ரீட்டா பான்குல், காலில் வண்டி ஏறி அடிபட்ட தன் பெண்குழந்தையைச் சிகிச்சைக்காக 1968இல் மொரிசியஸுக்குக் கூட்டிப்போனார். குழந்தை பிழைக்கவில்லை. ஊர் திரும்பக் கப்பலுக்குப் போய்க் கேட்டபோது, தீவை விற்றாகிவிட்டது, இனி நீங்கள் போக முடியாது என்றார்கள். அவருடைய மகன் ஒலிவியே பான்குல் அப்போது சின்னப் பையன். பின்னாளில் பிரிட்டிஷ் அரசை நீதிமன்றத்துக்கு இழுத்தவர் அவர்தான்.

இரண்டாவது வழி, அரிசி, மருந்து கொண்டுவரும் கப்பல்களைக் குறைப்பது. கடைசியில் 1971இல் டியாகோ கார்சியாவில் நாய்களைக் கொன்றார்கள். மக்கள் பிள்ளைகள் போல வளர்த்த நாய்கள். கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, வண்டிகளின் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். வெளியே நின்றவர்களுக்கு ஓலம் கேட்டது. அடுத்தது நாம்தான் என்று பயந்தவர்கள் இருந்தார்கள்.

பிறகு நோர்ட்வேர் என்ற கப்பலில் ஏற்றினார்கள். தோட்ட நிர்வாகத்தின் குதிரைகளுக்கு மேல்தளம். பெண்களும் குழந்தைகளும் கீழே, பறவை எச்ச உரத்தின் மேல். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய் கொண்டுபோனார்கள். 1973இல் பெரோஸ் பன்யோஸும் காலியானது. கடைசிக் கப்பல் மொரிசியஸ் தலைநகர் போர்ட் லூயியில் நின்றபோது, எங்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள் என்று சொல்லி இறங்க மறுத்து உட்கார்ந்தார்கள். மொத்தம் 1,500 முதல் 2,000 பேர். வீடில்லை, வேலையில்லை. தென்னை தெரிந்த கைகளுக்கு நகரத்தில் என்ன வேலை கிடைக்கும்?

கேள்வி: இழப்பீடு கொடுத்தார்களே?

பதில்: 1972இல் 6.5 லட்சம் பவுண்டு பேசி மொரிசியஸ் அரசிடம் கொடுத்தார்கள். அது மக்கள் கையில் வந்து சேர்ந்தது 1977-78இல். லிசெட் தாலாட், சார்லேசியா அலெக்சிஸ் போன்ற பெண்கள் போர்ட் லூயித் தெருக்களில் உண்ணாவிரதம் இருந்து, அடிபட்டு, சிறைக்கும் போன பிறகுதான் 1982இல் இன்னொரு 40 லட்சம் பவுண்டு வந்தது. அதை வாங்கும்போது ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். இனி ஊர் திரும்பும் உரிமை கேட்கமாட்டோம் என்பது அதில் இருந்த வாசகம். படிக்கத் தெரியாதவர்களிடம் இப்படி வாங்கிய கைநாட்டுக்கு நான் எந்த மதிப்பும் தரமாட்டேன்.

கேள்வி: நீதிமன்றத்தில் ஜெயித்தார்களா, தோற்றார்களா? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

பதில்: இரண்டும் நடந்தது. 2000இல் லண்டன் உயர் நீதிமன்றம், வெளியேற்றியது சட்டவிரோதம் என்றது. 2004இல் அரசு, நாடாளுமன்றத்துக்கே போகாமல் அரசியின் ஆணை மூலம் அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. அந்த ஆணையை எதிர்த்துக் கீழ் நீதிமன்றங்களில் இரண்டு முறை ஜெயித்தார்கள். 2008இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் 3-2 என்று தோற்றார்கள். ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் போதும்.

அப்புறம் வழக்கு நாடுகளின் மட்டத்துக்குப் போனது. 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம், மொரிசியஸின் காலனி நீக்கம் முறையாக முடியவில்லை, பிரிட்டன் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெளியேற வேண்டும் என்று 13-1 கணக்கில் கருத்துச் சொன்னது. அது ஆலோசனைக் கருத்துதான், கட்டாயப்படுத்தும் தீர்ப்பு இல்லை. ஆனாலும் மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, ஆறுதான் எதிர்த்தன. இந்தியா மொரிசியஸ் பக்கம் நின்றது.

கேள்வி: மாலத்தீவு பக்கத்தில்தானே இருக்கிறது? அவர்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: அங்கே அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. 2019இல் எதிர்த்து வாக்களித்த ஆறில் மாலத்தீவும் ஒன்று. ஆனால் கிட்டே இருப்பது மட்டும் உரிமை ஆகாது. மாலத்தீவுக்கும் மொரிசியஸுக்கும் இடையிலான கடல் எல்லையைச் சர்வதேசக் கடல்சட்டத் தீர்ப்பாயம் 2023இல் வகுத்துவிட்டது.

கேள்வி: அண்ணே, நாங்கள் தூத்தூர் பக்கம். ஆழ்கடலுக்குப் போன எங்க ஆட்களை டியாகோ கார்சியாவில் பிடித்து வைத்தார்கள். யாருமில்லாத கடல்தானே அது?

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் 2010இல் தீவுகளைச் சுற்றி 200 கடல் மைல் வரை, சுமார் 6,40,000 ச.கி.மீ.யை மீன்பிடிக்கத் தடையுள்ள பகுதியாக பிரிட்டன் அறிவித்தது. படகைப் பிடித்தால் அங்கேயே வழக்கு, அபராதம் எல்லாம் உண்டு. ஜிபிஎஸ்ஸில் அந்த எல்லையைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீவு மொரிசியஸ் கைக்குப் போனாலும் கட்டுப்பாடு போய்விடாது.

பவளத்தையும் மீனையும் காப்பது நல்ல காரியம். ஆனால் இந்த அறிவிப்பு வந்தால் சாகோசியர் திரும்பிவரும் கோரிக்கை அடிபட்டுப்போகும் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரி 2009இல் அமெரிக்கர்களிடம் பேசியது விக்கிலீக்ஸில் வெளிவந்தது. 2015இல் கடல்சட்ட நடுவர் மன்றமும் அந்த அறிவிப்பு மொரிசியஸின் உரிமையை மீறியது என்று சொன்னது.

கேள்வி: ஈழத் தமிழர்களை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டோம். இப்போது அவர்கள் எங்கே?

பதில்: 2021 அக்டோபரில், கனடா போகக் கிளம்பிய படகு தத்தளித்து, 89 பேரோடு டியாகோ கார்சியாவில் கரைசேர்க்கப்பட்டது. குழந்தைகளும் இருந்தார்கள். கூடாரங்களில், காவலுக்குள், மூன்று ஆண்டு. எலி, மழை ஒழுகல், உண்ணாவிரதம், தற்கொலை முயற்சிகள் எல்லாம் நடந்தன. புகலிட விண்ணப்பத்தை எந்தச் சட்டத்தின் கீழ் விசாரிப்பது என்பதே தெளிவாக இல்லை. ஏனென்றால் யாரும் குடியிருக்கக் கூடாது என்று காலி செய்த இடத்துக்கு அகதிச் சட்டம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலானோரை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அதே மாதம் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம், அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

கேள்வி: எங்கள் ஸ்டார்ட்அப் இணையதளம் ‘.ஐஓ’வில் முடிகிறது. அது இந்தத் தீவுகளுக்கானதா?

பதில்: ஆமாம். 1997 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பிரதேசமே இல்லாமல் போனால் அந்த முகவரி என்ன ஆகும் என்ற பேச்சு உண்டு. உடனே பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: 2025இல் எல்லாம் முடிந்துவிட்டதே, தீவு மொரிசியஸுக்குத்தானே? இனி அந்த மக்கள் ஊர் திரும்பலாமா?

பதில்: 2025 மே 22 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இறையாண்மை மொரிசியஸுக்கு. டியாகோ கார்சியா 99 ஆண்டுகளுக்கு பிரிட்டனின் பொறுப்பில் குத்தகை, தளம் அப்படியே தொடரும். வாடகை சராசரியாக ஆண்டுக்கு 10.1 கோடி பவுண்டு. கையெழுத்தோடு அமலுக்கு வந்துவிடாது. இரு நாடுகளும் தங்கள் சட்டப்படி ஏற்று உறுதிசெய்ய வேண்டும். லண்டனில் எதிர்ப்பும் பலமாக இருந்தது.

கையெழுத்தான அன்று காலையே, டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டனில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். சில மணி நேரத்தில் தடை நீங்கியது. எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரை இன்னொருவருக்குக் கொடுக்கிறீர்களே என்பது அவர்கள் வாதம். ஒலிவியே பான்குல் தரப்போ மொரிசியஸ் வழியாகத்தான் ஊர் திரும்ப முடியும் என்று நம்புகிறது. கேட்விக் விமான நிலையத்தை ஒட்டிய கிராலி ஊரில் பெரிய சாகோசியர் சமூகம் இருக்கிறது, அங்கே பலருக்கு மொரிசியஸ் மேல் நம்பிக்கை இல்லை. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. 1965லும் சரி, 2025லும் சரி, அந்த மக்களிடம் வாக்கெடுப்பு என்று ஒன்று நடத்தவே இல்லை. என் கோபமெல்லாம் அதன் மேல்தான். தீவு மொரிசியஸுக்குப் போவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அவர்களைக் கேட்காமல் போவதை ஆதரிக்க மனம் வரவில்லை.

திரும்புவது பற்றி: ஒப்பந்தப்படி மற்றத் தீவுகளில் மக்களைக் குடியமர்த்த மொரிசியஸுக்கு அனுமதி உண்டு, டியாகோ கார்சியாவில் கிடையாது. அங்கே பிறந்தவர்களுக்கு பெரோஸ் பன்யோஸ் ஊர் ஆகாது. சாகோசியருக்காக 4 கோடி பவுண்டு நிதி ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரோஸ் பன்யோஸிலும் சாலமனிலும் இன்று கூரையில்லாத தேவாலயமும், தென்னை முளைத்த வீட்டுத் தளங்களும், கல்லறைகளும்தான் மிச்சம். 2006இல் சுமார் நூறு பேரைச் சில நாள் பார்த்துவர அனுமதித்தபோது, முதல் வேலையாக அவர்கள் கல்லறைகளைத்தான் சுத்தம் செய்தார்கள். படகுத்துறை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், கப்பல் போக்குவரத்து எல்லாம் முதலிலிருந்து வேண்டும். அங்கே பிறந்த தலைமுறையில் இளையவர்களுக்கே ஐம்பது வயது தாண்டிவிட்டது.