மூன்று முனைச் சூலமும் பன்னிரண்டு ப்ளக்கும்

இத்தாலியக் கார் மசெராட்டி 3500 ஜிடி பற்றி வாசகர்கள் கேட்டவை

கே: மசெராட்டி என்றால் பந்தயக் கார்தான் நினைவுக்கு வருகிறது. 3500 ஜிடி-யை மட்டும் ஏன் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றிய கார் என்கிறார்கள்? (திருச்சி)

ப: உண்மையிலேயே காப்பாற்றியது என்பதால்தான். 1957-இல் அர்ஜென்டின வீரர் ஃபாஞ்சியோ மசெராட்டி 250எஃப் பந்தயக் காரை ஓட்டி உலகப் பட்டம் வென்றார். அதே ஆண்டின் இறுதியில் வெனிசுவேலாவின் கராகஸ் பந்தயத்தில் கம்பெனி இறக்கிய கார்கள் எல்லாமே விபத்தில் நாசமாயின. அர்ஜென்டினாவுக்கு விற்ற இயந்திரங்களுக்கு வரவேண்டிய பணமும் வரவில்லை. 1958-இல் தொழிற்சாலை நீதிமன்ற மேற்பார்வைக்குள் போனது. கம்பெனியின் சொந்தப் பந்தய அணி கலைக்கப்பட்டது.

கைகொடுத்தது 1957 மார்ச்சில் ஜெனீவாவில் காட்டப்பட்ட இந்தக் கார். அதுவரை மசெராட்டி செய்த சாலைக் கார்கள் எல்லாம் சேர்த்தே 150-ஐத் தாண்டாது. 3500 ஜிடி மட்டும் 1964 வரை சுமார் 2,200 விற்றது.

வடிவமைத்தவர் தலைமைப் பொறியாளர் ஜூலியோ அல்ஃபியேரி. (நிறுவனர் அல்ஃபியேரி மசெராட்டி வேறு, அவர் 1932-லேயே இறந்துவிட்டார்.) 350எஸ் பந்தயக் காரின் ஆறு சிலிண்டர் இன்ஜினை எடுத்துச் சாந்தப்படுத்தினார்: 86 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 100 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 3485 சிசி, மூன்று வெபர் கார்புரேட்டர், 220 குதிரைத்திறன். மற்றவற்றை வெளியிலிருந்து வாங்கினார். கியர் பாக்ஸ் ஜெர்மனியின் இசட்எஃப். பிரேக் கர்லிங், பின் அச்சு சாலிஸ்பரி, முன் சஸ்பென்ஷன் பாகங்கள் ஆல்ஃபர்ட் அண்ட் ஆல்டர், மூன்றும் இங்கிலாந்து. 'கலப்படக் கார்' என்று இதைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. சிறிய தொழிற்சாலை கியர் பாக்ஸையும் தானே வார்க்க உட்கார்ந்திருந்தால் இரண்டாயிரம் கார் வெளியே வந்திருக்காது. இன்று பிரேக் சிலிண்டர் ரப்பரும் கியர் பாக்ஸ் பேரிங்கும் தேடினால் கிடைப்பதற்கும் அதே முடிவுதான் காரணம்.

கே: மசெராட்டி சின்னத்தில் இருக்கும் சூலம் எங்கிருந்து வந்தது? (மதுரை)

ப: பொலோன்யா நகரச் சதுக்கத்தில் உள்ள நெப்டியூன் நீரூற்றுச் சிலையின் கையிலிருந்து. சகோதரர்கள் 1914 டிசம்பர் 1 அன்று கம்பெனி தொடங்கிய ஊர் அது. சின்னத்தை வரைந்தவர் மாரியோ மசெராட்டி. கார் தொழிலுக்குப் போகாமல் ஓவியரான சகோதரர் இவர்தான். 1937-இல் கம்பெனி ஓர்சி குடும்பத்தின் கைக்குப் போய், பிறகு மோடெனாவுக்கு இடம்பெயர்ந்தது. சூலம் மாறவில்லை.

கே: எங்கள் பட்டறைக்கு ஒரு 3500 ஜிடி வந்திருக்கிறது. கதவின் கீழ் ஓரத்திலும் சக்கர வளைவிலும் பெயின்ட் கொப்புளித்திருக்கிறது. சுரண்டினால் வெள்ளைப் பொடி. அலுமினிய பாடி எப்படி அரிக்கும்? (டொரண்டோ)

ப: தகடு அலுமினியம், அதைத் தாங்கும் கூடு இரும்பு. மிலானின் டூரிங் நிறுவனம் 'சூப்பர்லெஜேரா' என்று பெயரிட்ட முறை இது: மெல்லிய இரும்புக் குழாய்களால் காரின் உருவத்தைக் கட்டி, அதன்மேல் கையால் தட்டிய அலுமினியத் தகட்டைப் போர்த்தி, ஓரங்களைக் குழாயைச் சுற்றி மடிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் துணிப்பட்டை இருக்கும். அந்தத் துணி நைந்து ஈரத்தைப் பிடித்துக்கொண்டால், இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். உங்கள் ஊரில் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்தும்.

மேலே பட்டி போட்டுப் பெயின்ட் அடித்தால் மறுபடி கொப்புளிக்கும். மடிப்பைத் திறந்தே ஆக வேண்டும். முதலில் காரின் இரு பக்கமும் அளவெடுத்து, அட்டையில் வார்ப்புரு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கையால் செய்த பாடி என்பதால் வலமும் இடமும் ஒன்றாக இராது. ஒரு பக்கத்து வார்ப்புருவை மறுபக்கத்துக்குத் திருப்பிப் போடாதீர்கள். மடிப்பை மரச் சுத்தியலால் மெதுவாக விரியுங்கள். வெடித்த ஓரத்தை வெட்டிவிட்டுப் புதிய பட்டை வெல்டு செய்வதே நல்லது. பழைய அலுமினியம் இறுகியிருக்கும், இரண்டாம் முறை மடித்தால் கிழியும். துருப்பிடித்த குழாயை அதே விட்டமுள்ள குழாயால் மாற்றி, எபாக்ஸி பிரைமர் இரண்டு பூச்சு கொடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஈரம் உறிஞ்சாத பட்டை சுற்றி, அதன்பின் மடியுங்கள். பழையபடி துணியையே சுற்ற வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே வேண்டாம். மணல் வீச்சு தகட்டின் பக்கமே போகக் கூடாது. மணல் மோதும் வேகத்தில் தகடு அலைபாயும்.

கே: ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு ப்ளக் எதற்கு? (யாழ்ப்பாணம்)

ப: தீப்பொறி தரும் ப்ளக் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் இதில் இருக்கிறது. பெரிய எரிஅறையில் தீ ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போக நேரம் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பற்றவைத்தால் அந்தத் தூரம் பாதி. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வரிசை ப்ளக் முழுதாகச் செத்தாலும் இன்ஜின் ஓடும். ஓட்டுபவருக்குக் கொஞ்சம் மந்தமாகத்தான் தெரியும். சோதிப்பது எளிது: இன்ஜின் சூடான பின் ஐடிலிங்கில், ஒரு வரிசை ப்ளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் இணைப்பை மட்டும் கழற்றி ஆர்பிஎம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள். இரண்டிலும் இறக்கம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றியதும் இன்ஜின் நின்றுபோனால், மற்ற வரிசை ஏற்கெனவே செத்திருக்கிறது. தீப்பொறி விழும் கணத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் இரண்டும் ஒரே கணத்தில் திறக்கின்றனவா என்று டைமிங் லைட்டில் தனித்தனியே பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கே: 1962 ஜிடிஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் உள்ள 3500 ஜிடி) வாங்க நினைக்கிறார் என் முதலாளி. லூகாஸ் இன்ஜெக்‌ஷனைக் கழற்றி வெபர் கார்புரேட்டர் போடலாமா? (மிலான்)

ப: பலர் செய்தார்கள். ஆனால் 1961-இல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு விற்பனைக்கு வந்த முதல் இத்தாலியக் கார் இது. அந்த அடையாளத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? பெரும்பாலும் குற்றம் பெட்ரோலை அளந்து கொடுக்கும் மீட்டரிங் யூனிட்டில் இருக்காது, பம்ப்பில் இருக்கும். சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டு அழுத்தம் தரும் மின் பம்ப் அது. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் திரும்பி வரும் சூடான பெட்ரோலையே மறுபடி இழுத்து, ஆவியாகி, அழுத்தம் விழும். வெயில் நாளில் நகரத்துக்குள் மட்டும் திக்கினால் சந்தேகம் முதலில் இங்கேதான்.

வாங்கும் முன் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், குளிர்ந்த நிலையில் ஒருமுறை, அரை மணி ஓடிய பின் ஒருமுறை. அது சரியாக இருந்தும் கரும்புகை வந்தால் கலவையைக் கட்டுப்படுத்தும் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். வருடக்கணக்கில் நின்ற கார் என்றால் மீட்டரிங் யூனிட்டின் ரப்பர் வளையங்கள் இறுகி, உள்ளே முன்னும் பின்னும் ஓடும் ஷட்டில் என்ற பாகம் ஒட்டிக்கொண்டிருக்கும். யூனிட்டை வலுக்கட்டாயமாகச் சுழற்றாதீர்கள். இழை அளவு இடைவெளியில் ஓடும் பாகம், கீறல் விழுந்தால் தீர்ந்தது. டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, யூனிட்டை இந்த வேலை தெரிந்தவரிடம் அனுப்புங்கள். முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே வெபருக்கு மாற்றியிருந்தால், கழற்றிய இன்ஜெக்‌ஷன் பாகங்கள் பெட்டியில் உடன் வருகின்றனவா என்று விலை பேசும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.